பெபேயாள் கேட்ட ஒரு வரி

கிருபாபுரம் கழுவாய் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை பொய்யும் புறங்கூறலும், புதன்கிழமை விபசாரம், வியாழக்கிழமை உயிர்ச்சேதம் என்று முறை வைத்திருந்தார்கள். பெபேயாள் வந்திருந்தது ஏழாவது வியாழக்கிழமை. அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. சிக்கலே அதுதான். பாவம் செய்தவர்களுக்கு அங்கே மூன்று கவுன்ட்டர்கள். மின்விசிறி உண்டு, குடிதண்ணீர் உண்டு. பாவத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

"ஒங்களுக்குத்தான் இங்க வேலையே இல்லியேம்மா," என்றார் நிலைய அதிகாரி மாசிலாமணி. "பர்னபாஸ் சாருக்கு காலைலயே பழி எறக்கியாச்சு. பன்னெண்டு மணிக்கு ஈட்டுயிர் செத்துரும். எல்லாம் சரியாப் போவும்."

"யாருக்குச் சரியாப் போவும்?"

"எல்லாருக்குந்தான்."

"எனக்கு ஒரு வரி வேணும் சார். எம் புருசன் குடிக்கலேன்னு அந்த மனுசன் ஒரு வரி எழுதித் தரணும்."

"அவரு எதுக்கும்மா எழுதணும்? அவருக்குத்தான் இப்ப உறுத்தலே இல்லியே!"

பெபேயாளின் புருஷன் ஏனோக்கு இருபத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். திருவிருந்தில் கொடுக்கிற ஒரு மடக்கு திராட்சை ரசத்தையே கஷாயம் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிற ஆள். பிரேக் பிடிக்காமல் வண்டி பாலத்திலிருந்து இறங்கியதில் அவர் மட்டும் போய்விட்டார். பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'சோதித்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்த பணிமனை மேற்பார்வையாளர் பர்னபாஸ், 'ஓட்டுநர் குடித்திருந்தார்' என்றும் ஒரு வரி எழுதி வைத்தார். அன்றிலிருந்து கோயிலில் பெபேயாளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவளை ரொம்பப் பாசமாகப் பார்த்தார்கள். அந்தப் பாசத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பழிமாற்றி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. செய்த குற்றம் மூளையில் ஒரு முடிச்சாக விழுகிறது. இந்த இயந்திரம் அதை முள்ளைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கி, தொட்டியில் ஒன்பது நாளில் வளர்த்தெடுத்த ஓர் ஈட்டுயிரின் மூளையில் நட்டுவிடும். ஈட்டுயிர் பார்க்க நம்மைப் போலத்தான் இருக்கும், பேசும், சிரிக்கும். பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது என்பதால் ஒரு குற்றமும் செய்திருக்காது. அது இறந்துவிட்டால் முடிச்சும் அதோடு போயிற்று. பன்னிரண்டு மணிக்கு மேல் உயிரோடு இருந்தால் முடிச்சு உடையவரிடமே திரும்பிவிடும். சாவு எதற்கு என்று இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரிடம் கேட்டபோது, வேறு எதற்கும் பழியை அளக்கிற பழிமானியின் முள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை என்றார். பாதிக்கப்பட்டவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தீர்களா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

"எம்மா," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

காத்திருப்பு அறைக் கதவருகே ஈட்டுயிர் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை அங்கி. முப்பது வயது மதிக்கலாம். கண்கள் வீங்கியிருந்தன.

"நாந்தாம்மா பிரேக்கப் பாக்கல," என்றது. "அண்ணாச்சி குடிக்கல. எம் வேலைக்கு ஆபத்து வந்துருமேன்னு நாந்தான் பொய் எழுதுனேன். என்ன மன்னிச்சிருங்க."

ஏழு வாரமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தைகள். ஒன்பது நாள் வயதுள்ள, பஸ்ஸையே பார்த்திராத ஒரு வாயிலிருந்து வந்தன. பெபேயாளுக்கு எரிச்சலில் அழுகை வந்தது.

"நீ என்னத்தடே செஞ்ச, ஒன்ன மன்னிக்கதுக்கு? சரி, சொன்னத எழுதிக் குடு."

"அது எழுதினா செல்லாதும்மா," என்று மாசிலாமணி ஓடி வந்தார். "சட்டப்படி அது ஆளே இல்ல."

"ஆள் இல்லியா?"

"இல்ல."

"ஆள் இல்லேன்னா அது செத்து அந்தாளு பாவம் எப்படிவே போவும்? ஒரு கோழியறுத்தாப் போவுமா? ஆளுன்னா சொல்லும், அப்ப அது எழுதுறது செல்லும். ரெண்டுல ஒண்ணச் சொல்லும்."

மாசிலாமணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதினோரு வருஷத்தில் அந்த இடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேள்வி கேட்கிறவர்களுக்குத்தான் கவுன்ட்டரே இல்லையே. எழுப்பிய ஆட்சேபத்துக்குப் பதில் எழுதாமல் உயிரை எடுக்கக்கூடாது என்று விதி வேறு இருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவர்கள் சட்டப்பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். சட்டப்பிரிவு இறையியல் பிரிவைக் கை காட்டியது. இறையியல் பிரிவில் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

"ஒனக்குச் சாகச் சம்மதமாடே?" என்று பெபேயாள் ஈட்டுயிரைக் கேட்டாள்.

"யாரும் கேக்கலியேம்மா. நான் செத்தா ஒங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"ஒரு மண்ணும் கெடைக்காது."

மணி பன்னிரண்டு அடித்தது. ஈட்டுயிரின் முகம் மழை விட்ட மாதிரி தெளிந்தது. பசிக்கிறது என்றது. அதே நேரத்தில் எதிர்த்த ஹோட்டலில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம். பர்னபாஸ் கையில் சால்னா ஒழுக ஒழுகத் தெருவைக் கடந்து ஓடி வந்தார். பெபேயாளைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் காகிதத்தை நீட்டினாள்.

ஒரு வரி கேட்டாள். மனுஷன் மூன்று பக்கம் எழுதினார். எழுத்தெல்லாம் சால்னா. படித்துவிட்டு மாசிலாமணி சட்டப்படி ஒரு சான்றிதழ் அடித்தார்: 'ஓட்டுநர் ஏனோக்கு, இவ்விபத்தில் முற்றிலும் குற்றமற்றவர்.' முத்திரையும் குத்தினார். பெபேயாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

மாசிலாமணிக்குத்தான் நிம்மதியில்லை. ஃபைலை மூட ஒரு சாவு வேண்டும். ஈட்டுயிரோ வாசலில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. அவர் இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"அட! இந்த விசயத்துல ஏற்கெனவே ஒருத்தர் செத்திருக்காரே!"

"யாரு?" என்றாள் பெபேயாள்.

அவர் விசைகளைத் தட்டினார். இயந்திரம் இரண்டே கேள்வி கேட்டது. இறந்தவர் இந்தக் குற்றத்தால் இறந்தாரா? ஆம். இறந்தவர் குற்றமற்றவரா? ஆம், சான்றிதழ் எண் நாலாயிரத்துப் பதினேழு.

முள் பூஜ்யத்துக்கு இறங்கியது.

தரையில் சுருண்டு கிடந்த பர்னபாஸ் மெல்ல நிமிர்ந்தார். ஒரு பெருமூச்சு விட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன்னால் பணிவாகக் கும்பிட்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஏனோக்கு அண்ணன் எனக்காகத்தான் செத்திருக்காரு சிஸ்டர். இது தெரியாம இருந்துட்டனே. ஸ்தோத்திரம்!"

பெபேயாள் சான்றிதழைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையின் மேல் காகிதத்தை ஓங்கி அறைந்தாள்.

"அவரு குடிச்சிருந்தாருவே!" என்று கத்தினாள். "எம் புருசன் குடிச்சிருந்தாரு! மொடாக் குடியன்! எழுதிக்கிடும்! அவரு குத்தவாளி!"

"முத்திர குத்தியாச்சேம்மா," என்றார் மாசிலாமணி.