கைப்பையில் ஒரு கொலை!

"டிரிங்... டிரிங்...!"

எடை மேடை அறையில் டெலிபோன் அலறியது.

சகாயசெல்வி ரிசீவரைத் தொடவில்லை. எடுத்தால் எவன் பேசுவான் என்று தெரியும். எடுக்காவிட்டால் மணி நிற்காது என்பதும் தெரியும்.

எடுத்தாள்.

"சகாயம்..." குரல் வெண்ணெயாய் வழிந்தது. "பொணத்தை உப்புல பொதைச்சா அழுகாது. தெரியுமா உனக்கு?"



"உன் வீட்டுக்காரன் எப்ப வேணும்னாலும் வந்து மொகத்தைப் பாத்துட்டுப் போவலாம். அப்படியே ஃப்ரெஷ்ஷா இருப்பே!"

டொக்!

ஜன்னலுக்கு வெளியே மரக்காணத்து உப்பளம் ஏப்ரல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

போன கோடையில் இதே இடத்தில்தான் அது நடந்தது. அவளுடைய முதலாளி சக்கரபாணியை அவருடைய பங்குதாரன் கலியமூர்த்தி சுட்டுத் தள்ளினான். மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தவள் சகாயசெல்வி ஒருத்திதான்.

"தண்ணி..." என்று கேட்டபடியே அவள் மடியில் உயிரை விட்டார் சக்கரபாணி. சுற்றிலும் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர். அத்தனையும் உப்பு!

சுட்ட துப்பாக்கி கிடைக்கவே இல்லை. கலியமூர்த்தி ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வருகிற திங்கட்கிழமை திண்டிவனம் கோர்ட்டில் அவள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

வீட்டுக் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போய்விட்டார். துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு அவள் கொடுத்த மனு இன்னும் விசாரணையில் இருந்தது.

அன்று சாயந்திரம் மகள் பிரியதர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து டிபன் பாக்ஸை நீட்டினாள்.

"ஏம்மா இதை வச்சு அனுப்புனே? நான் பட்டினி!"

திறந்து பார்த்தாள்.

சோறு இல்லை. விளிம்பு வரைக்கும் உப்பு!

 பிள்ளையின் பை வரைக்கும் வந்துவிட்டான்...

உப்பு லாரி ஓட்டிவிட்டு வீடு திரும்பிய கணவன் அந்தோணிசாமி சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"ஏங்க... எனக்கு ஒரு துப்பாக்கி வேணும்."

"பைத்தியமா உனக்கு?"

"சின்னதா... வெளியில தெரியாம வச்சுக்குற மாதிரி."

"எதையும் பாக்கலைன்னு கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லிடு சகாயம். எத்தினி வாட்டிதான் உன் கால்ல விழறது?"

"என் மடியில செத்தாருங்க அந்த மனுஷன். எப்படிப் பாக்கலைன்னு சொல்லுவேன்?"

அந்தோணிசாமி பாதி கழற்றிய சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டான். 

"சரி... ஒருத்தன் இருக்கான். நாளைக்கே போலாம்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அவனுடைய சோறு தட்டிலேயே ஆறியது.

* * *

கடலோரம் ஒரு பாழடைந்த இறால் பண்ணை. சுனாமி வந்து பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்த கொட்டகையில் உட்கார்ந்திருந்தான் ஆதிமூலம். வாய் நிறைய பாக்கு. பேச்சில் நகைக்கடைக்காரனின் பணிவு!

"வாங்கக்கா... யாருக்கு? உங்களுக்கா? எங்க வச்சுப்பீங்க? இடுப்புலயா, பையிலயா?"

அவன் விரித்த செய்தித்தாளில் மூன்று துப்பாக்கிகள்.

முதலாவது தடியான ரிவால்வர். முந்தானைக்குள் இடுப்பில் செருகிப் பார்த்தாள். புடைத்துக்கொண்டு நின்றது.

"வேணாங்கா. எத்தினி மாசம்னு கேப்பாங்க!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. வெள்ளியாய் மின்னியது. சோப்புக்கட்டி போல வழுவழுப்பு.

"ஃபாரின் சரக்கு. ஜாக்கெட்டுக்குள்ள வச்சாக்கூட யாருக்கும் தெரியாது."

"என்ன வெலை?"

சொன்னான்.

தாலிக்கொடி, கம்மல், வளையல்... மனசுக்குள்ளேயே எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாள். பாதிக்குக்கூட எட்டவில்லை.

"இதைப் பாருங்கக்கா." மூன்றாவதை நகர்த்தினான் ஆதிமூலம். தட்டையான குட்டிப் பிஸ்டல். கைப்பிடி முழுக்கக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. "பாக்கத்தான் அழகில்லை. வேலை சுத்தம். அந்த ஃபாரின்காரி வெலையில இது பத்துல ஒரு பங்குதான்."

"ஏன் இவ்ளோ சீப்பு?"

"செகண்ட் ஹேண்டு! ஆனா ஒரே ஒரு வாட்டிதான் யூஸ் ஆயிருக்குது!"

சகாயசெல்வி அதைக் கையில் எடுத்தாள். வியர்த்த விரலில் டேப்பின் ஓரம் வழுக்கி விலகியது.

ஒரு பக்கம் கறுப்புப் பிளாஸ்டிக். மறு பக்கம்... மரம்!



அதே கைப்பிடி! மூட்டை இடுக்கு வழியாக அன்றைக்குக் கலியமூர்த்தியின் கையில் பார்த்த அதே துப்பாக்கி! போலீஸ் துருவித் துருவிக் கேட்டபோது பயத்தில், "சின்னதா இருந்துச்சு" என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. இப்போது அதுவே அவள் கையில்...

அது இங்கே எப்படி வந்தது?

பதில் பனிக்கட்டியாய் முதுகில் இறங்கியது. இது அவள் பைக்குள் போகும். பின்னாலேயே போலீஸ் வரும். சாட்சி கொலைகாரியாகிவிடுவாள்!

அப்படியானால்... அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்தது...?

மெல்லத் திரும்பினாள்.

அந்தோணிசாமி வாசலில் நின்றிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்!

கட்டைவிரலால் டேப்பை அழுத்தி ஒட்டினாள். வேண்டாம் என்று சொன்னால் இந்தத் துப்பாக்கி இன்றைக்கே கடலுக்குள் போகும். வேண்டும் என்று சொன்னால் அவள் கழுத்துக்குக் கயிறு.

"என்னக்கா யோசிக்கிறீங்க?"

"இதையே குடுங்க. நம்ம வசதிக்கு இதான் சரி."

அந்தோணிசாமி பணத்தை நீட்டினான். அவள் பிஸ்டலைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் செல்போனுக்கு அடியில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஏங்க... எனக்கு வாந்தி வருது!"

வாயைப் பொத்திக்கொண்டு பையோடு சவுக்குத் தோப்புக்குள் ஓடினாள்.

"மொத மொத வாங்கறவங்க எல்லாரும் இப்படித்தான்!" என்று சிரித்தான் ஆதிமூலம்.

* * *

திரும்பும் வழியில் அந்தோணிசாமி ஒரு பெட்டிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். காயின் பாக்ஸில் காசைப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"யாருக்குங்க போன்?"

"லாரி மொதலாளிக்கு. லோடு விஷயமா."

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான்! பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு அந்த முதுகில் சாய்ந்து தானும் அழலாமா என்றிருந்தது. கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் முதல் வேலையாக மகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். கைப்பையை மேஜைமேல் வைத்தாள்.

கிரீச்...!

வாசலில் போலீஸ் ஜீப்!

இன்ஸ்பெக்டர் அருள்மொழி இறங்கினாள். சக்கரபாணி கொலை வழக்கை விசாரிக்கிறவள் அவள்தான். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். தெருவே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் முன்னால் வந்து நின்றான் கலியமூர்த்தி. வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தான். முகத்தில் கல்யாண வீட்டுக் களை!

"சகாயசெல்வி! உங்க வீட்டுல கள்ளத் துப்பாக்கி இருக்குதுன்னு தகவல். பை யாரோடது?"

"என்னோடதுதான் மேடம்."

அருள்மொழி பையின் அருகில் போனாள். ஜிப்பில் கையை வைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ... கையை எடுத்துவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கலியமூர்த்திக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மேடம் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்தக் கறுப்பு டேப்பைப் பிரிச்சுப் பாருங்க! சக்கரபாணியைச் சுட்டவளே இவதான்! பழியை என் தலையில போட்டுட்டு நாடகம் ஆடறா!"



அருள்மொழி மெதுவாகத் திரும்பினாள்.

"எந்த டேப்பு?"

"அ... அதான்... துப்பாக்கி..."

"துப்பாக்கின்னு நான் சொன்னேன். டேப்புன்னு யார் சொன்னது? ஜிப்பையே நான் இன்னும் தொறக்கலையே கலியமூர்த்தி!"

 அவன் பின்னால் நகர்ந்தான். கான்ஸ்டபிளின் மார்பில் முட்டிக்கொண்டு நின்றான்.

"உன் ஆளு ஆதிமூலம் ஜீப்புக்குள்ள படுத்திருக்கான். துப்பாக்கியைக் குடுத்ததே நீதான்னு வழியெல்லாம் பாடிக்கிட்டு வந்தான். மிச்சத்தை லேப்ல சொல்லுவாங்க."

கிளிக்! விலங்கு விழுந்தது.

அருள்மொழி இப்போது அந்தோணிசாமியைப் பார்த்தாள்.

"இன்னைக்கு இந்தப் பையைப் பத்தி எனக்கு ரெண்டு போன் வந்துச்சு. ஒண்ணு காயின் பாக்ஸ்லேருந்து, பேரு சொல்லாத ஒரு ஆம்பளை. அதுக்கு முன்னாடியே ஒரு பொம்பளை... சவுக்குத் தோப்புலேருந்து செல்போன்ல!"

அந்தோணிசாமி மனைவியைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சகாயம்... அது கொலை பண்ண துப்பாக்கின்னு சத்தியமா எனக்குத் தெரியாது! சின்னக் கேஸுதான், ரெண்டு மாசத்துல நீ வெளிய வந்துடுவேன்னு கலியமூர்த்தி சொன்னான். கோர்ட்டுக்குப் போனா உன்னைக் கொன்னுடுவானுங்க. உள்ள இருந்தா உயிரோட இருப்பியேன்னுதான்... ஜெயிலுதான் பத்திரமான எடம்னு நெனைச்சேன்!"

"தூக்குல தொங்கியிருப்பேங்க" என்றாள் அவள். 

"அய்யோ மாதாவே...!" தலையில் அடித்துக்கொண்டான்.

"நீங்களும் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுக்கணும்மா" என்றாள் அருள்மொழி. "திங்கட்கிழமை வரைக்கும் உங்க வீட்டு வாசல்ல நானே நிப்பேன். கோர்ட்டுக்கு வருவீங்க இல்ல?"

"வருவேன் மேடம்."

கான்ஸ்டபிள் அந்தோணிசாமியைத் தூக்கி நிறுத்தினார். ஜீப் வரைக்கும் போனவன் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள். கலைந்திருந்த அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெயிலு பத்திரமான எடம்னீங்களே... போய் இருந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க!"