இரை கொண்டு வருகிறவன்

யாங்கம் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் மூங்கில் தட்டிக்கு யாரும் மண் பூசுவதில்லை. அடுப்புப் புகை வெளியே போகவும் ஆற்றுக் காற்று உள்ளே வரவும்தான் தட்டியை இடைவெளி விட்டுப் பின்னுகிறார்கள். தாலோ வாசலிலேயே நின்று பார்த்தான். அவன் மனைவி நிறைமாத வயிற்றோடு உள்ளறை மூலையில் மண்டியிட்டு, களிமண்ணை இடுக்குகளில் அப்பி, உள்ளங்கையின் ஓரத்தால் தட்டித் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டுவாள், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், மறுபடி தட்டுவாள். அவன் வந்ததைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இது என்ன வேலை என்று கேட்டான். குளிர்கிறது என்றாள். மே மாதம். தகரக் கூரையின் நிழலில் கோழிகள்கூட வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆயிரம் கோளாறு இருக்கும் என்று சிரித்துக்கொண்டான். அவளுடைய அக்கா மாசமாக இருந்தபோது அடுப்புச் சாம்பலை டப்பாவில் போட்டு வைத்துத் தின்றவள்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது, மண்ணின் வாடையால். ஆற்றுக் களிமண்ணில் மீன் வாடைதான் அடிக்க வேண்டும். இதில் பழம் அழுகிப் புளித்த வாடை, அதற்கடியில் பறவை எச்சத்தின் காரம். அது எங்கே அடிக்கும் வாடை என்று அந்தப் பக்கத்து வேட்டைக்காரன் எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருவாச்சிப் பறவை கூடு வைத்த மரத்தடியில் அடிக்கும்.

போன வாரம்தான் அவன் ஓர் இருவாச்சியைச் சுட்டிருந்தான்.

குற்றம் பாதி அவனுடையது, பாதி தொப்பியினுடையது. பிரம்புத் தொப்பியின் முன்பக்கம் இருவாச்சியின் அலகை வைத்துக் கட்டுவது அங்கே ஆண்களுக்கு மீசை மாதிரி. பறவை அருகிப்போனதும், வெளியிலிருந்து வந்தவர்கள் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் அலகுகளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். தாலோவுக்கு அதைக் கொண்டுவந்து கட்டிவிட்டவன் சொந்தத் தம்பி தெஜி. தெஜி துப்பாக்கியை விட்டுவிட்டு, அவர்களிடம் மாதச் சம்பளத்துக்குக் கூடுகளைக் காவல் காக்கிறவன். ஒரு கல்யாணத்தில் தாபிங் என்கிற மூத்த வேட்டைக்காரர், அரிசிக் கள் உள்ளே போன தெம்பில், எல்லோரும் பார்க்க அந்த அலகை விரலால் சுண்டிப் பார்த்தார். வாளி மாதிரியல்லவா சத்தம் வருகிறது, இதில் தண்ணீர் மொள்ளலாமே தாலோ என்றார். பந்தலே சிரித்தது. யாங்கமும் சிரித்தாள், அதுதான் அவனுக்குத் தைத்தது. பிள்ளை பிறந்ததும் மாமனார் வீட்டார் மலை இறங்கி வருவார்கள். அவர்கள் நடுவில் வாளியைக் கட்டிக்கொண்டா உட்காருவது?

ஆனால் அது சுடக்கூடாத காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் தானே அடைத்துக்கொண்டு, அலகு நுழைகிற ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் காலம். ஆண்தான் நாள் முழுக்க இரை கொண்டு வர வேண்டும். அந்த ஆணைத் தொடக்கூடாது என்பது அரசாங்கம் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிற கட்டுப்பாடு. தாலோவுக்கும் தெரியும். இது ஜோடியில்லாத பறவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுட்டான். அலகைப் பொதிந்து ஒளித்தான். கறியைக் காட்டுக்கோழி என்று சொல்லி யாங்கத்துக்கும் கொடுத்தான். அவள் கேட்டு வாங்கித் தின்றாள்.

யாங்கம் மண் பூசத் தொடங்கிய மறுநாள் தாபிங் வீட்டில் கூட்டம். கூட்டியவன் தெஜி. ஆற்று வளைவில் வழக்கமாகப் பறக்கிற ஆண் இருவாச்சிகளில் ஒன்று குறைகிறது என்றான். அவ்வளவுதான், பழைய சண்டை புதிதாகப் பற்றிக்கொண்டது. அப்பன் பாட்டன் வேட்டையாடிய காட்டில் எவனோ வந்து கணக்கெடுக்கிறான், நம் பிள்ளைகளே அவனுக்குக் கூலிக்குப் போகிறார்கள் என்று ஒரு பக்கம் கத்தியது. இன்னும் கொஞ்ச நாளில் குஞ்சுக்கு இவன் பால் கொடுப்பான் என்று ஒருவன் தெஜியைக் காட்டிச் சொல்ல, நீங்கள் சுட்டது போக மிச்சத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று தெஜி திருப்பிக் கொடுத்தான். வேட்டைத் தடைக்கு ஒத்துக்கொண்டவர்கள் பேசப் பேச, ஒத்துக்கொள்ளாதவர்கள் தரையில் கத்தியின் பிடியால் தட்டினார்கள். தாலோ அடுப்புப் பக்கம் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெஜி குரலை இறக்கினான். "சுட்டவனைப் பிடிக்கணும்னு நான் வரல. அது எந்தப் பக்கமாப் பறந்துக்கிட்டிருந்துச்சுன்னு மட்டும் சொல்லட்டும். எனக்கு மரம் தெரிஞ்சாப் போதும், நானே ஏறி ஊட்டிக்கிறேன். ஆணு தொண்டையில பழத்தை அடக்கிக்கிட்டு வந்து ஒண்ணொண்ணாக் கக்கிக் கொடுக்கும். அது வரலேன்னா உள்ள ஆத்தாளும் குஞ்சும் காய்ஞ்சு செத்துரும்."

எல்லோரும் தாபிங்கைப் பார்த்தார்கள். தடையை அவரைவிட அதிகமாகத் திட்டுகிறவர் யாரும் இல்லை.

"தடை கிடை எல்லாம் எனக்குத் தெரியாது," என்றார் அவர். "ஆனா மூடின பொந்துக்கு இரை கொண்டு போறதைச் சுட்டவன் வேட்டைக்காரன் இல்ல. அவன் வீட்டுல நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

அதுவரை அடித்துக்கொண்ட இரண்டு பக்கமும் ஒன்றாகத் தலையாட்டியது. தாலோவும் ஆட்டினான். பறவை பறந்தது பெரிய பாறைக்கு மேலே, வடக்கு நோக்கி. அதைச் சொன்னால் போதும். ஆனால் சுட்டவன் அவன்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும், தம்பியின் முகம் கரியாகும், மாமனார் வீட்டார் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டான். பறவைதானே, இன்னும் ஒரு நாள் தாங்கும்.

வீடு திரும்பியபோது உள்ளறையின் சுவர் முழுக்க மண் ஏறியிருந்தது. ஆற்றங்கரையின் கடைசி வீடு அவனுடையது. வந்து பார்க்க யாரும் இல்லை. மறுநாள் அறை வாசலும் பாதி மூடியிருந்தது. அதற்கடுத்த நாள், அவன் விறகு வெட்டிவிட்டு வருவதற்குள் முழுக்க மூடிவிட்டாள், ஒரு கை நுழைகிற கீற்று மட்டும் விட்டு. கூப்பிட்டான். உள்ளே சரசரப்பு. சோறு கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோனால் வேண்டாமென்று தள்ளி, பழம் கேட்டாள். வாழைப்பழத்தை உரித்து நீட்டியபோது விரல்கள் அதைப் பிடுங்கவில்லை. வாய்தான் வந்து கவ்வியது. சூடான, ஈரமில்லாத வாய்.

வெட்டுக்கத்தியை எடுத்து வாசலை அடைத்த மண்ணில் ஓங்கிப் போட்டான். யாங்கம் அலறினாள். வெட்டும்போது மரம் கத்தினால் எப்படியிருக்கும், அப்படி. கத்தி மண்ணில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

"உடைக்காத," என்றாள் மூச்சு வாங்க. "வெளிய வந்தாச் செத்துருவோம். நீ கொண்டு வந்துக்கிட்டே இரு. போதும்."

அவள் குரல் கரகரத்திருந்தது. அன்று மாலை மழைக்கு முன்னான இருட்டில் கீற்றுக்கு வெளியே தரையில் ஏதோ கறுப்பாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்தான். கயிறு என்று நினைத்துத் தூக்கினான். முடி. இடுப்பு வரை தொங்குகிற யாங்கத்தின் முடி, வெட்டியதில்லை, பிடுங்கியதுமில்லை, வேரோடு தானாகக் கழன்று வந்தது. உள்ளிருந்து இன்னொரு கொத்து கீற்றின் வழியே மெதுவாகத் தள்ளப்பட்டது. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவளின் கவனத்தோடு.

பயம் அவனை அப்போதுதான் முழுதாகப் பிடித்தது. சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. தெஜி மரமேறி அந்தப் பொந்துக்கு ஊட்டிவிட்டால் இந்தக் கதவும் திறந்துவிடும். கையில் ஒட்டிய முடியை உதறிக்கொண்டே ஓடினான்.

தெஜி தன் குடிசை வாசலில் தூறலில் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் மரப்பட்டையின் கீறல். காலடியில் வாழையிலை மூடிய கூடை.

"பாறைக்கு மேல இருக்கற மரம்," என்றான், அண்ணனை ஏறிட்டுப் பார்க்காமல். "இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். கீத்துல அலகை நீட்டினபடியே செத்திருக்கு. உள்ள போனதும் இறகெல்லாம் உதுத்துருமில்ல, பறந்து போகவும் வழியில்ல அதுக்கு. குஞ்சு அதுக்கு அடியில."

"நான்தான்டா," என்றான் தாலோ.

மழைத் தண்ணீர் தெஜியின் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவன் துடைக்கவில்லை. சந்தேகப்பட்டேன், அண்ணனாயிற்றே என்று கேட்காமல் இருந்துவிட்டேன் என்றான். பிறகு, "அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளுக்கும் கறி கொடுத்தேன்."

தெஜி எழுந்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு, அண்ணனுக்கு முதுகைக் காட்டாமல், பின்னோக்கியே நடந்து குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தாலோ வீட்டை நோக்கி ஓடினான். ஆற்றின் இரைச்சல் ஒரு பக்கம். மழை. மூங்கில் புதர்களின் முனகல். கால் வழுக்கியது. எழுந்தான். ஓடினான். பாதை தெரிந்த பாதைதான். மரங்கள்தான் நெருங்கி நின்றன. வேலி இருந்த இடத்தில் வேர்கள். வாசல் படியைக் காணவில்லை.

வீட்டையும் காணவில்லை. வீடு நின்ற இடத்தில் பெரிய அடிமரம் மாதிரி ஏதோ நின்றது. கிட்டே போனான். தொட்டான். மண். தரையிலிருந்து கூரை வரை. ஜன்னல் இல்லை. கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் ஒரு கீற்று. அவன் முகத்தின் உயரத்தில்.

உள்ளே குழந்தை அழுதது.

அவன் மண்ணில் சாய்ந்து அழுதுவிட்டான். தன் பிள்ளை. பிறந்துவிட்டது. உயிரோடு இருக்கிறது. பயத்தையெல்லாம் மீறி ஒரு சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம் அவனுக்குள் பொங்கியது. அழுகை மறுபடி கேட்டது. குழந்தையின் அழுகைதான். கொஞ்சம் வறண்டு. கொஞ்சம் உலோகமாக.

"யாங்கம்," என்றான்.

"பசிக்குது," என்றாள் உள்ளிருந்து. "எங்க போயிருந்த? ரெண்டு பேருக்கும் பசிக்குது."

கையில் ஒன்றும் இல்லை. கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்திருந்தது. விழுங்கினான். இறங்கவில்லை. உருண்டையாக, வழவழப்பாக, தானாக நகர்ந்து மேலே வந்தது. நாக்கில் உட்கார்ந்தது. பல்லுக்கிடையே தோல் கிழிந்து இனித்தது.

அத்திப்பழம்.

அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. கழுத்து முழுக்க.

கீற்றில் இரண்டு வாய்கள் வந்து நின்றன. ஒன்று பெரியது. ஒன்று மிகச் சிறியது. இரண்டும் திறந்தே இருந்தன. சிறியது ரத்தச் சிவப்பாக நடுங்கியது. அவன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தான். முதல் பழத்தைச் சிறியதற்குக் கொடுத்தான்.

அப்போது பின்னால், புதருக்குள், ஈர இலையைக் கால் பெருவிரலால் ஒதுக்கி மிதிக்கிற சத்தம். வேட்டையில் அப்படி மிதிக்க அவனுக்கும் தெரியும். பிறகு, நாட்டுத் துப்பாக்கியின் சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு இழுக்கிற சத்தம். பிறகு ஒரு மூச்சு. பாதி விட்டு, நிறுத்தி.

திரும்பினால் ஊட்டுவது நின்றுவிடும்.

அவன் திரும்பவில்லை. சிறிய வாய் மறுபடி திறந்திருந்தது. அடுத்த பழம் மேலே வந்துகொண்டிருந்தது.