இடப்பக்கம்

அலாரம் அடிக்குமுன் கிறிஸ்ரி எழுந்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். பல் தீட்டினான். பிளேன்ரீயில் பாதியைக் குடித்து மீதியை வெளியே ஊற்றினான். மகளுக்குப் பால் கரைத்து ஆற வைத்தான். கந்தோர் வேலைக்குப் போடும் சேட்டை அயன் பண்ணினான். பிறகு மகளை எழுப்பினான்.

அபிசாவுக்கு நாலு வயது. கண்ணைத் திறக்காமலே கைகளை மேலே தூக்கினாள். இரவுச் சட்டையைக் கழற்றும்போது அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கண்டான். வெள்ளி நிறம். வெளிச்சம் பட்டால் மின்னுகிற துணி.

"இது ஆர் கட்டினது?"

"அம்மா."

"எங்கயிருந்து எடுத்தனீங்கள், செல்லம்?"

"நான் எடுக்கேல்லை. அம்மாதான் கட்டிவிட்டவ."

அவன் அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி இறுக்கிய முடிச்சு. கழுதை கடித்தாலும் கழலாது என்று அவன் மனைவி டிலோஜினி சொல்வாள். வீதியில் திரியும் கழுதைகள் இரவில் வாகனங்களில் அடிபட்டுச் சாகின்றன என்று, அவள் தன் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து கழுத்துகளில் கட்டிவிட்ட பட்டிகள்தான் இவை. காரின் முன் இழுப்பு லாச்சியில் ஒரு சுருள் மிச்சம் கிடந்தது. டிலோஜினியின் தாய், மாமி, எடுத்துக் கட்டியிருப்பா என்று நினைத்தான். மாமி போன கிழமையே பாலத்துக்கு அக்கரையிலுள்ள முள்ளிக்குளத்துக்குப் போய்விட்டா என்பது பால் கோப்பையைக் கழுவும்போது ஞாபகம் வந்தது. அபிசாவை இரண்டு நாள் முன்புதான் குளிப்பாட்டினான். அப்போது கையில் ஒன்றும் இருக்கவில்லை.

கத்தரிக்கோலைத் தேடினான். காணவில்லை. நேரம் போய்விட்டது.

வெளியே பனி. மதிலுக்கு அப்பால் ஒன்றுமில்லை. கீரிக் கரைக் கடலின் சத்தம் மட்டும் பக்கத்தில் வந்து நின்றது. ஈரத் துணியால் கார்க் கண்ணாடிகளைத் துடைத்தான். இரவில் உப்புக் காற்றுப் பூசிவிட்டுப் போகிற வெள்ளைப் படை கழுவுண்டு வழிந்தது. முன் இடப்பக்கக் கண்ணாடி மட்டும் எவ்வளவு துடைத்தும் தெளியவில்லை. உள்பக்கத்தில் ஆவி படிந்திருந்தது. ஆளில்லாத காருக்குள், அந்த ஒரு கண்ணாடியில் மட்டும்.

இடப்பக்க மிரரும் உள்ளே திரும்பியிருந்தது. டிலோஜினி பொட்டைச் சரிபார்க்க அப்படித்தான் திருப்புவாள். அவன் அதைத் திருப்பி வைத்தான்.

மகளைப் பின் சீற்றில் இடப்பக்கம் இருத்திப் பெல்ற்றைப் போட்டான். சைல்ட் லொக்கைத் தட்டிப் பார்த்தான். அந்தக் கதவு உள்ளேயிருந்து இழுத்தால் திறக்காது. வெளியே நின்று ஒருவர் திறந்துவிட வேண்டும். அவளுடைய உடுப்புப் பையை முன் சீற்றில் வைத்தான். அந்தச் சீற்றில் ஒரு வருடமாக ஆரும் இருந்ததில்லை.

மன்னார் ரவுணுக்குத் திரும்பும் சந்தியில் பஸ்ரியன் அண்ணை மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளை நிறுத்திக் கை காட்டினார். தாழ்வுபாடு ஊர்க்காரர், டிலோஜினியின் தகப்பனோடு ஒரே படகில் போனவர்.

"எங்க தம்பி, இந்தப் பனியுக்க?"

"முள்ளிக்குளம் அண்ணை. பிள்ளையை மாமியிட்ட விட்டிட்டுக் கந்தோருக்குப் போகவேணும்."

"வெயில் ஏறட்டுமன். கந்தோர் என்ன கால் முளைச்சு ஓடியோ போகப்போகுது? பாலத்தில கழுதையள் கிடக்குதுகள், தார் சூடெண்டு. மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மருமகன்மார் மாதிரி, எழுப்பினாலும் எழும்பாதுகள்."

"மெல்லமாப் போறன்."

பஸ்ரியன் குனிந்து காருக்குள் பார்த்தார். "ம். முன்னுக்கு ஆள் இருக்குத்தானே, இறங்கிக் கலைக்க. அப்ப போங்கோ."

மோட்டார்சைக்கிள் பனிக்குள் போய்விட்டது. கிறிஸ்ரி இடப்பக்கம் பார்த்தான். பை. உப்பிய பை. ஆவி படிந்த கண்ணாடிக்குள்ளால் அது ஆள் மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

பாலம் தொடங்கும் இடத்தில் பனி தடித்தது. இரண்டு பக்கமும் கிடக்கிற சேற்றுக் கடலின் மணம், அழுகிய பாசியும் உப்பும் சேர்ந்த அந்தப் பழைய மணம், மூடிய கண்ணாடிகளுக்குள்ளாலும் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. பெரிய வெளிச்சத்தைப் போட்டால் பனி வெள்ளைச் சுவராகி அவன் முகத்திலேயே திரும்பி அடித்தது. சின்ன வெளிச்சத்துக்கு மாற்றினான். தன் பக்கக் கண்ணாடியை இறக்கினான். கண் உதவாத இடத்தில் காது உதவும். தலையை முன்னும் பின்னும் அசைத்தபடி ஓட்டினான். முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள தூணுக்குப் பின்னால் ஓர் ஆள் முழுதாக மறைந்து நிற்கலாம். வாகனம் பழக்கியவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மிரரை நம்பாதை, கழுத்தைத் திருப்பு.

போன பனிக்காலம், இதே பாலத்தில், கழுதைகள் நின்றன. மன்னாரில் கார் வைத்திருப்பவர்கள் கழுதைக்கு ஹோர்ன் அடிப்பதில்லை. மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. முன் சீற்றில் இருப்பவர் இறங்கிக் கையைத் தட்டிக் கலைப்பார். டிலோஜினி இறங்கினாள். பின்னால் அபிசா நித்திரை. டிலோஜினி தூணுக்குப் பின்னால் மறைந்தாள். பின்னாலிருந்து வந்த மீன் லொறி அவனுடைய காரைக் கடைசி நொடியில் கண்டு இடப்பக்கமாக வெட்டியது. அவன் சத்தத்தைத்தான் கேட்டான்.

அவளுடைய கையிலும் ஒரு பட்டி இருந்தது. ஆராலும் அவிழ்க்க முடியாமல் அப்படியே சவப்பெட்டிக்குள் வைத்தார்கள்.

கடைசியாக 'யேசுவே' என்றுதான் சொன்னாள் என்று மாமி எல்லாருக்கும் சொல்கிறா. மாமி அங்கே இருக்கவில்லை. அவன் திருத்தவில்லை. அவவுக்கு அது வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவன் கந்தோருக்குப் பஸ்ஸில்தான் போனான். இன்றுதான் திரும்பவும் இந்தப் பாலத்தில் கார். எப்படியாவது மகளை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். வேறு ஒன்றும் அவனிடம் மிச்சமில்லை.

"அப்பா."

"சொல்லுங்கோ."

"அம்மா ஏன் நடந்து வாறா?"

பின்பார்வைக் கண்ணாடியில் மகளைப் பார்த்தான். அவள் தன் பக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியில் இப்போது ஆவி படிந்திருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் துடைபட்டிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

முன்னால் மின்னியது. பட்டிகள். கழுத்து உயரத்தில், வீதிக்குக் குறுக்கே, அசையாமல். பிரேக்கை மிதித்தான். நாலு சிக்னலையும் போட்டான்.

டக். டக். டக்.

ஒவ்வொரு டக்குக்கும் பனி செம்மஞ்சளாகி அணைந்தது. கழுதைகள் அவனைப் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நின்றன. இடப்பக்கம்.

இறங்கிக் கலைக்க ஆள் இல்லை. பிள்ளையை விட்டு அவன் இறங்கப்போவதுமில்லை. காத்திருந்தான். பின்னால் தூரத்தில் ஒரு லொறியின் இரைச்சல்.

இடப்பக்க மிரர் மறுபடி உள்ளே திரும்பியிருந்தது. எக்கி, யன்னலை இறக்கி, கையை வெளியே விட்டு அதைத் திருப்பினான். பையில் கை பட்டது. பை நனைந்திருந்தது. சேற்று மணம்.

மிரரில் காரின் பக்கவாடு தெரிந்தது. பின் கதவு தெரிந்தது. பின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டி மின்னியது.

கழுதையின் கழுத்து உயரத்தில் இல்லை. தொங்குகிற ஒரு கையின் உயரத்தில்.

டக். மின்னியது. டக். இன்னும் கிட்ட. டக். மிரரில் இல்லை.

"கதவைத் திறக்கப்போறாவாம் அப்பா."

"ஆர்?"

"அம்மா. கழுதை கலைக்க என்னையும் வரட்டாம்."

"பெல்ற்றைக் கழற்றாதைங்கோ. செல்லம், அப்பா சொல்லுறன். கழற்றாதைங்கோ."

கிளிக்.

பின்னால் வெளிச்சம் பெருத்தது. லொறி ஹோர்ன். காருக்குள் எல்லாம் வெள்ளையானது. அவன் வலது மிரரைப் பார்த்தான். ஒரு நொடி. அவ்வளவுதான். லொறி வலப்பக்கமாக விலகி உரசிக்கொண்டு போனது. கார் ஆடியது. சிவப்பு விளக்குகள் கழுதைகள் நின்ற இடத்தினூடாகவே போய் மறைந்தன. ஒன்றிலும் இடிபடவில்லை.

முன்னால் வீதி வெறுமையாகக் கிடந்தது. கழுதைகள் இல்லை. ஆரோ கலைத்துவிட்டிருந்தார்கள்.

கழுத்தைத் திருப்பினான்.

பின் கதவு திறந்திருந்தது.

சீற்றில் ஆள் இல்லை. பெல்ற் மெல்லமாகச் சுருண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இறங்கினான். விழுந்தான். எழும்பினான். காரைச் சுற்றி இடப்பக்கம் ஓடினான். "அபிசா." பனி சத்தத்தைத் தின்றது. "அபிசா."

டக்.

பாலத்தின் ஓரம். கற்கட்டு. அங்கே இரண்டு பட்டிகள். ஒன்று மேலே. ஒன்று கீழே. பக்கத்தில் பக்கத்தில். கை பிடித்து நடக்கிற உயரத்தில்.

டக்.

கற்கட்டின் விளிம்பில்.

டக்.

கற்கட்டுக்கு அப்பால். அங்கே நிலமில்லை. தண்ணீர்தான். பட்டிகள் கீழே இறங்கவில்லை. தண்ணீர்ச் சத்தமும் கேட்கவில்லை. அதே உயரம். அதே நடை. சின்னது ஒருமுறை துள்ளியது. அபிசா சந்தோசமாக இருந்தால் அப்படித்தான் துள்ளுவாள்.

அவன் கற்களில் தடுமாறி இறங்கினான். இடுப்பளவு சேறு. காலை இழுக்க முடியவில்லை.

பின்னால் சிக்னல் சத்தம் நின்றுபோனது. கார் விளக்குகளும் அணைந்தன. வெளிச்சம் பட்டால் மட்டும் மின்னுகிற துணி அது. இப்போது எந்த வெளிச்சமும் இல்லை. இரண்டும் மின்னிக்கொண்டே போயின.

அன்று டிலோஜினி இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, யன்னலால் குனிந்து, பின் சீற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இஞ்சருங்கோ, இடப்பக்கத்தையும் பிள்ளையையும் நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் நேராப் பாருங்கோ."