எந்த முன்னாடி?

வாலு வீட்டுக் காருக்குக் கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை.

சாவியைத் திருப்பினால் இருமும். மேடு ஏறச் சொன்னால் விக்கும். சிக்னலில் நின்றால் அங்கேயே மூச்சை விட்டுவிடும். பின்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கும். அப்பா மட்டும் எதுவும் கேட்காதவர்போல, மறுபடி மறுபடி சாவியைத் திருப்பிக்கொண்டு இருப்பார்.

"மாமா, இந்தத் தகர டப்பாவைத் தள்ளித் தள்ளியே நான் இளைச்சுப் போயிட்டேன்," என்பாள் சித்தி. அம்மாவின் தங்கை அவள். சித்தி ஒன்றும் இளைக்கவில்லை. அது வேறு விஷயம்.

ஆனால் வாலுவுக்கு அந்தக் கார் என்றால் உயிர். பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தது அதில்தான். அந்தப் பயணத்தில் தான் எங்கே சிரித்தோம், எங்கே அழுதோம் என்று நேரில் பார்த்தவள்போலச் சொல்லுவாள். அம்மா சொன்னதைக் கேட்டுக் கேட்டு, அதெல்லாம் நிஜமாகவே நினைவிருப்பதாக அவளுக்குத் தோன்றிவிட்டது.

இப்போது அதே ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். இன்று சாயங்காலம் அம்மாவும் தம்பியும் வீட்டுக்கு வருகிறார்கள்.

"தம்பியும் நம்ம வண்டியிலதான் வரணும்," என்று வாலு காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"வண்டி ஒழுங்கா ஓடினா அதுல போவோம். இல்லேன்னா டாக்சி," என்றார் அப்பா. பிறகு கொஞ்சம் தயங்கி, "பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்க முடியாதும்மா. இன்னைக்கும் இது சரியாகலேன்னா, பழைய வண்டி வாங்குறவர்கிட்ட கொடுத்துடலாம். அவரும் ரொம்ப நாளா கேக்கறார்," என்றார்.

காருக்குக் கேட்டிருக்குமோ என்று வாலு அதன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா தையல்காரர். தன் தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்ப மாட்டிவிடுவார். கார் மெக்கானிக் வெளியூர் போய்விட்டதால், அவர் மாற்றச் சொன்ன சாமான்களை எல்லாம் வாங்கிவந்து அப்பாவே வேலையில் இறங்கிவிட்டார்.

"முதல்ல பிளக்," என்றார் அப்பா, எஞ்சினுக்குள் தலையை விட்டபடி. பழைய பிளக் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான்கும் கரி பூசிக்கொண்டு, அடுப்புக்குள் விழுந்து எழுந்ததுபோல இருந்தன.

"இது என்னப்பா பண்ணும்?" என்று கேட்டாள் வாலு.

"தீப்பொறி போடும். அந்தப் பொறியிலதான் பெட்ரோல் பத்திக்கும், வண்டி ஓடும். இப்படிக் கரி பிடிச்சா எப்படிப் பொறி வரும்?"

"சரி, அது என்ன, தலையில வயர் முளைச்ச மாதிரி?"

கறுப்பாக ஒரு மூடி. அதன் நடுவில் ஒரு வயர், சுற்றிலும் நான்கு வயர்.

"அதுதான் நாலு பிளக்குக்கும் முறை வச்சு மின்சாரம் அனுப்புற மூடி. உள்ளே விரிசல் விட்டிருக்கு பாரு. அதையும் மாத்தணும்."

"ஸ்கூல்ல தண்ணி குடிக்க வரிசையில விடுவாங்களே, அந்த மாதிரியா?"

"அதேதான். வரிசை மாறினா?"

"அடிதடிதான்!"

"இங்கேயும் அடிதடிதான்," என்று சிரித்தார் அப்பா.

புதிய பிளக்குகள் ஏறின. அப்பா பழைய மூடியை வயர்களோடு கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே சுற்றுகிற சின்னத் துண்டையும் மாற்றினார். புதிய மூடியைத் திருகினார். இனி பழைய மூடியிலிருந்து வயர்களைப் பிடுங்கிப் புதியதில் மாட்ட வேண்டியதுதான். நடுவயர் மாறியது. சுற்றுவயர்களில் இரண்டு மாறின. கடைசி இரண்டு வயர்கள் வருவேனா என்று அடம்பிடித்தன. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் இரண்டும் ஒன்றாகக் கையோடு வந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அம்மா!

அப்பா இரண்டு வயரையும் சித்தி கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் ஓடினார். "ம்... சொல்லு. சாப்பிட்டியா? என்ன பண்றான் அவன்? கொட்டாவி விடறானா?" என்று கேட்கும்போதே அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

சித்தி அதுவரை பழைய பிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூடியைக் குனிந்து பார்த்தாள். இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்று காரின் விளக்குப் பக்கம், இன்னொன்று அதற்குப் பின்னால், டிரைவர் சீட்டுப் பக்கம். கையிலிருந்த வயர்களில் ஒன்றில் மட்டும் டேப் சுற்றியிருந்தது.

"மாமா! இந்த டேப் சுத்தின வயரை எங்க மாட்டறது?" என்று கத்தினாள்.

"முன்னாடி இருந்துச்சில்ல, அங்கேயே மாட்டு!" என்று அப்பாவும் அங்கிருந்தே கத்தினார்.

சித்தி மாட்டினாள். மிச்சமிருந்த வயரை மிச்சமிருந்த இடத்தில் மாட்டினாள். வேலை முடிந்தது.

அப்பா வந்து சாவியைத் திருப்பினார்.

கார் முன்பு இருமத்தான் செய்தது. இப்போது உதறியது. கண்ணாடிகள் கிடுகிடுத்தன, கதவுகள் கடகடத்தன. "டப்!" என்று ஒரு வெடி. சுவரில் தூங்கிக்கொண்டிருந்த பூனை நான்கு காலையும் தூக்கிக் குதித்து ஓடியே போய்விட்டது.

அப்பா அவசரமாக அணைத்தார்.

"டேப் சுத்தினதை எங்க மாட்டினே?"

"நீங்க சொன்ன இடத்துலதான். முன்னாடி."

"நானும் முன்னாடின்னுதானே சொன்னேன்?"

"முன்னாடின்னுதான் சொன்னீங்க. முன்னாடிதான் மாட்டினேன். என்னை ஏன் முறைக்கறீங்க?"

"நான் எங்க முறைச்சேன்? சரியாத்தானே மாட்டியிருக்கே!"

"சரியாத்தான் மாட்டியிருக்கேன்!"

இருவரும் சொன்னது ஒன்றேதான். ஆனாலும் இருவருக்கும் கோபம். வாலு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே விடையைச் சொல்லிக்கொண்டு யாராவது சண்டை போடுவார்களா?

"போதும் விடு," என்றார் அப்பா கடைசியில். "வேற ஏதோ பெரிய கோளாறு. டாக்சிக்குச் சொல்லிடறேன்."

வாலுவின் உதடு துடித்தது. அழக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததுமே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கும் மனசு கேட்கவில்லை. காரின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பாவம், முன்னாடி எவ்வளவு நல்லா இருந்துச்சு," என்றார்.

வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு காரின் முன்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு விளக்கில் கீறல். பம்பரில் சொட்டை. நம்பர் பலகை கோணலாகத் தொங்கியது.

"முன்னாடி எங்கப்பா நல்லா இருக்கு? பின்னாடிதான் கொஞ்சம் பரவாயில்ல."

சித்திக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். "அந்த முன்னாடி இல்லடா கண்ணு. முன்னாடின்னா, வாங்கின புதுசுல."

வாலு உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"அப்பா, சித்திகிட்ட நீங்க சொன்னது எந்த முன்னாடி?"

"எந்த முன்னாடின்னா? முன்னாடி எங்க இருந்துச்சோ, அங்கேயேன்னு."

"அதாவது, கழட்டறதுக்கு முன்னாடி?"

"ஆமா."

வாலு சித்தியின் பக்கம் திரும்பினாள். "சித்தி, நீ எந்த முன்னாடியில மாட்டினே?"

சித்தி மெதுவாகக் கையை நீட்டி, காரின் விளக்குப் பக்கம் காட்டினாள்.

"அடக் கடவுளே! அது பின்னாடி இருந்த வயரு!" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

"பின்னாடி இருந்ததை முன்னாடி இருந்துச்சுன்னு சொன்னா யாருக்குப் புரியும்?" என்று சித்தி இடுப்பில் கை வைத்தாள்.

மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்போல இருந்தது. வாலு இருவருக்கும் நடுவில் புகுந்தாள். "ரெண்டு பேரும் சரிதான்! வரிசைதான் மாறிப்போச்சு. அதான் உள்ளே அடிதடி. அப்பா, சாவியை எடுங்க. ரெண்டு வயரையும் இடம் மாத்தினா சரியாயிடும் இல்ல?"

அப்பா சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வயரைச் சித்தி பிடுங்கினாள், ஒரு வயரை அப்பா பிடுங்கினார். இடம் மாற்றி அழுத்தினார்கள். "டேப் சுத்தினது விளக்குப் பக்கம் இல்ல, டிரைவர் சீட்டுப் பக்கம்," என்று வாலு பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னாள். இனிமேல் இந்த வீட்டில் எஞ்சினைத் தொடும்போது 'முன்னாடி' என்ற வார்த்தையே வரக்கூடாது என்று சட்டமும் போட்டாள்.

அப்பா சாவியைத் திருப்பினார்.

இருமல் இல்லை. உதறல் இல்லை. மெல்லிய ஒரு உறுமல் மட்டும், நல்ல தூக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதுபோலச் சீராக. அப்பா காதை வைத்துக் கேட்டார். பிறகு வாலுவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். அவள் சட்டை முழுக்கக் கிரீஸ் கை பதிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா தம்பியோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வாலு நெருக்கி ஒட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏங்க, சத்தமே இல்லையே, இன்னும் ஸ்டார்ட் ஆகலையா?" என்றாள்.

"நல்லாப் பாருக்கா, வண்டி போயிட்டு இருக்கு," என்றாள் முன்சீட்டில் இருந்த சித்தி, அவளே கார் செய்தவள்போல.

வீட்டு வாசலில் வந்து அப்பா எஞ்சினை அணைத்தார். அதுவரை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்த தம்பி முகத்தைச் சுளித்தான். அடுத்த நொடி "வீல்!" என்று தெருவே அதிரக் கத்தினான்.

அம்மா தட்டிப் பார்த்தாள். சித்தி முகத்தைக் கோணிக் காட்டிப் பார்த்தாள். அது இன்னும் மோசமாகிவிட்டது.

"அப்பா, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள் வாலு.

அப்பா சாவியைத் திருப்பினார். தம்பி கப்சிப். அணைத்தார். வீல்! திருப்பினார். கப்சிப்.

"போச்சுடா," என்றாள் சித்தி. "இந்தத் தகர டப்பாவை இனிமே எப்படி மாமா கொடுப்பீங்க?"

"யார் கொடுக்கப்போறா?" என்றார் அப்பா, அப்படி ஒரு பேச்சே வீட்டில் நடக்காததுபோல. "எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க. இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்."

கார் தெருமுனையில் திரும்பி மேட்டில் ஏறியது. ஒரு விக்கல்கூட இல்லை. வாலு தம்பியின் காதருகே குனிந்து, "தூங்கு, தூங்கு. இது நம்ம வண்டிதான்," என்றாள்.