ஓடாத எலிகள்

திரை அணைந்துதான் இருந்தது. ஆனாலும் நான்கு எலிகள் ஓடி ஒளிந்துகொண்டன.

அவள் குனிந்து பார்த்தாள். மொத்தம் எட்டுப் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் எலி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னத் திரை. பொத்தானை அழுத்தினால் அதில் ஒரு கருவட்டம் தோன்றி, பருந்து இறங்குவதுபோல விரிந்துகொண்டே வரும். வெறும் உப்புநீர் ஊசி போட்ட நான்கும் அதைக் கண்டதும் மூலையிலிருக்கும் கூட்டுக்குள் பாய்ந்துவிடும். மருந்து போட்ட நான்கும் பாயாது, நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். ஆனால் அவள் இன்னும் பொத்தானைத் தொடவே இல்லையே? வயர் கோளாறாக இருக்கும் என்று பிளக்கைத் தேடினாள். அது சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது.

எலிகளுக்கு இரவில்தான் சுறுசுறுப்பு என்பதால் அந்த ஆய்வறையில் பொழுதையே தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள். வெளியே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளே ஜன்னலில்லாத இருட்டு, கூரையில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு, மரத்தூள் வாசனை, காற்றுக்குழாயின் ஓயாத முனகல். உடன் வேலை செய்பவர்கள் அவளைக் 'கஞ்சாக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ளவும் முடியாது. கஞ்சா மாதிரி ஒன்றை மூளை தானே சுரந்துகொள்கிறது, அதை வாங்கிக்கொள்ள நரம்புகளில் வாசல்கள் இருக்கின்றன, பயம் தலைக்கேறும்போது அந்த வாசல் வழியாகத்தான் 'நின்றது போதும், ஓடு' என்ற உத்தரவு உடம்புக்குப் போகிறது என்பது அவள் கட்சி. அவளுடைய மருந்து அந்த வாசலைச் சாத்திவிடும்.

காலையில் ஊசிக்கு மூடி போடும்போது கையுறையைத் தாண்டி விரலில் குத்திக்கொண்டாள். உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சோதனை முழுக்கப் பாழ், ஆஸ்பத்திரியில் வேறு காத்துக் கிடக்க வேண்டும், அதுவும் குழந்தையை வைத்துக்கொண்டு. சுண்டெலிக்கான அளவு ஒரு மனுஷியை என்ன செய்துவிடும்? யானைப் பசிக்குச் சோளப்பொரி. விரலைக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கவா?" வெளியறையிலிருந்து மகளின் குரல். ஆறு வயது.

அவள் பதில் சொல்லவில்லை. கவர் பிரிக்கும் சத்தம் கேட்டது. மௌனம் சம்மதம் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். வேலைக்கு நடுவில் வாயைத் திறக்கச் சோம்பல்பட்டு அவளே போட்ட சட்டம்.

மரத்தூள் வாசனையோடு இன்னொன்று கலந்தது. மழையில் நனைந்து, காயாமலே மூலையில் கிடந்த கம்பளியின் வாசனை. காற்றுக்குழாயின் முனகல் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது? மருந்து போட்ட நான்கும் மீசைகூட ஆடாமல் நின்றன. கண்கள் மட்டும் மேலே. திரையை அல்ல. அதற்கும் மேலே. அவள் தலைக்கு மேலே.

நிமிர்ந்து பார்க்கலாமென்றால் கழுத்து கேட்கவில்லை.

தரையைத்தான் பார்க்க முடிந்தது. சிவப்பு வெளிச்சத்தில், அவள் கால்களைச் சுற்றி ஒரு கருவட்டம். தட்டளவு. பார்க்கப் பார்க்கக் குடையளவு.

ஓடு என்றாள் தனக்குள். கால் நகரவில்லை. விரல்நுனிகூட அசையவில்லை. இத்தனை பயத்தை அவள் ஆயுளில் பட்டதில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. அடித்து என்ன? உடம்பு கேட்கவில்லை. காலையில் குத்திய விரல் மட்டும் விண்விண் என்று தெறித்தது. யானையாவது, பொரியாவது.

மேலே ஏதோ மூச்சு விட்டது.

"அம்மா, வரைஞ்சு முடிச்சிட்டேன். காட்டணும். உள்ள வரட்டுமா?"

வேண்டாம். அந்த ஒரு சொல் போதும். தொண்டைவரை வந்தது. நாக்கு எழவில்லை. வேண்டாம், கண்ணு. வராதே. வெளியே ஓடு.

"சரி, வரேன்!"

நாற்காலி இழுபட்டது. செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

சிரித்துக்கொண்டே நுழைந்தவள் தற்செயலாக நிமிர்ந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. படம் கையிலிருந்து நழுவியது.

திரும்பிடு. கதவு உன் பின்னாலேயே இருக்கிறது. ஓடிவிடு.

குழந்தை ஓடத்தான் செய்தாள். மருந்து படாத உடம்பு, பயந்த மாத்திரத்தில் பாய்ந்தது. கதவுக்கு அல்ல. ஒளிந்துகொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு. வட்டத்துக்குள் ஓடிவந்து, இரண்டு கைகளாலும் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டில் முகத்தைப் புதைத்தாள்.

"அதைப் போகச் சொல்லும்மா."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வட்டம் சுவர்களைத் தொட்டது. அந்தச் சின்னத் தலையில் ஒரு கையை வைக்கக்கூட அவளால் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்க மட்டும் முடிந்தது. மகளின் இரட்டைப் பின்னலில் ஒன்று, யாரோ நுனியைப் பிடித்துத் தூக்குவதுபோல, மெல்ல மேலே எழுந்தது.