இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

பிஸ்கட் வைத்த இடத்திலேயே இருந்தது. திங்கட்கிழமை காலை, நர்சிங் மாணவர்கள் வருவதற்கு முன், ஆசிரியை ராட்மிலா அதை ஆள் உயரப் பயிற்சிப் பொம்மையின் இடுப்புக்கு அடியில் வைத்திருந்தாள். இப்போது செவ்வாய் சாயங்காலம் நாலரை மணி. நாற்பது கிலோ எடையில் அது மாவாக நொறுங்கியிருந்தாலும் வட்டம் கலையவில்லை. இரண்டு நாளில் ஒருவர்கூட பொம்மையைப் புரட்டிப் படுக்கவைக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் மட்டும் எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று ஒவ்வொரு மணிக்கும் நேராக, ‘இடப்பக்கம் திருப்பினேன்’, ‘வலப்பக்கம் திருப்பினேன்’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

இதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். அவள் எதிர்பார்க்காதது, பொம்மையின் வால் எலும்பு வரும் இடத்தில் தெரிந்த சிவப்பு.

முட்டை அளவுக்கு இருந்தது. ராட்மிலா யோசிக்காமலே அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பதினைந்து வருட வார்டுப் பழக்கம் அது. உயிருள்ள தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் ரத்தம் திரும்பிவர வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அடியில் சதை சாகத் தொடங்கிவிட்டது, படுக்கைப்புண் வரப்போகிறது என்று அர்த்தம். இதை அவள் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறாள்.

சிவப்பு வெளுக்கவில்லை. விரலுக்கு அடியில் ரப்பர் கதகதப்பாக இருந்தது.

யாரோ உதட்டுச்சாயத்தைத் தேய்த்து விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அழுத்தித் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அந்தப் பயிற்சி அறை முன்பு பிரசவ வார்டாக இருந்தது. ஆறு கட்டில், ஐந்தில் இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்புகள், ஒன்றில் மட்டும் பொம்மை. தரை கழுவிய திரவத்தின் நெடியும் ரப்பர் வாடையும் கலந்து நின்றன. தலைக்குமேல் ட்யூப்லைட் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தீசா நதியிலிருந்து எழுந்த பிப்ரவரி மூடுபனி கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்தியதுபோல் ஒட்டியிருந்தது. அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டு, விளக்கை அணைக்காமலே வெளியே வந்தாள்.

இந்தப் பயிற்சியே அவளுடைய யோசனைதான். கடைசி ஆண்டு மாணவர்கள் பதினோரு பேரும் உரிமம் வாங்கி வேலைக்குப் போகுமுன், ஒரு வாரம் இந்த அறையை நிஜ வார்டைப் போல நடத்த வேண்டும். முறைக்கு ஒருவர் பொறுப்பு. பக்கத்தில் ஆசிரியர் நிற்க மாட்டார். இதற்கு அனுமதி வாங்க அவள் இரண்டு வருடம் கல்லூரி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியிருந்தாள். அதில் கிடைத்தது மாவான பிஸ்கட்டும் நிறைந்த அட்டையும்.

புதன்கிழமை காலை பதினோரு பேரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தினாள்.

“இந்தச் சிவப்ப யாரு பூசினது?”

“சத்தியமா நாங்க எதுவும் பூசல டீச்சர்,” என்றான் போயான். வகுப்பிலேயே உயரமானவன், காகிதத்தில் சுற்றிய, தின்று மீந்த பாதி புரெக் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

“சரி. திருப்பினீங்களா?”

ராட்மிலா அட்டையைக் கழற்றி உயர்த்திக் காட்டினாள்.

“பத்துக் கையெழுத்து இருக்கு. ஒரு தடவையாவது திருப்பினீங்களா?”

“டீச்சர், அது ரப்பர். ரப்பருக்கு எங்க புண்ணு வரும்?” என்றான் போயான். “ஸ்தேவா மாமா இதுவரைக்கும் ஒரு புகாரும் பண்ணலையே.”

ஸ்தேவா மாமா என்பது பொம்மைக்கு அவர்கள் வைத்த பெயர். எல்லோரும் சிரித்தார்கள். நெவேனா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வரும் பெண். மெதுவாகச் சொன்னாள்:

“நாங்க மூணு மாசம் ஆஸ்பத்திரி வார்டுல இருந்தோம்ல டீச்சர். முப்பத்தெட்டு பேஷன்ட், ஒரே ஒரு நர்ஸ். அங்கயும் அட்டை நிறைஞ்சுதான் இருந்துச்சு. எப்படி நிரப்பணும்னுதான் மொத நாளே சொல்லிக்கொடுத்தாங்க.”

அந்த வார்டில் ராட்மிலாவும் நின்றிருக்கிறாள். ஓடி ஓடிக் கால் வீங்கி, விடியும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் முப்பது அட்டைகளை நிரப்பியிருக்கிறாள். அதற்காகத்தான் வார்டை விட்டு இங்கே வந்தாள். அந்தப் பழக்கம் இங்கேயாவது நிற்கட்டும் என்று வந்தாள். இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் கோபப்பட்டாள்.

“இன்னிக்கிலேர்ந்து ஒழுங்கா திருப்புங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு, கல்லூரி இயக்குநர் மிலோராதின் அறைக்குப் போனாள்.

அவர் காபிக் கோப்பையை ஒப்பந்தத் தாள்களின்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ராட்மிலா, வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்கு நர்ஸ் எடுக்கற ஏஜென்சி அம்மா வர்றாங்க. பதினோரு பேருக்கும் அங்க எடம் தயாரா இருக்கு. இந்த நேரத்துல பொம்மைக்குப் புண்ணுன்னு வந்து நிக்கிறீங்களே.”

“நீங்க ஒரு தடவ வந்து பாருங்க, போதும்.”

“பாக்கறேன். வெள்ளிக்கிழமை பரீட்சைக்கு வருவேன்ல, அப்ப பாக்கறேன்.”

“ஒருத்தர்கூட செய்யறதில்ல. செஞ்சதா எழுதறாங்க. இவங்க தகுதிச் சான்றுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

“போற எடத்துல கத்துப்பாங்க,” என்று அவர் பேனாவைத் தேடத் தொடங்கினார். பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் அட்டையில் ஐந்து புதிய கையெழுத்துகள் இருந்தன. ராட்மிலா போர்வையை விலக்கி, பொம்மையை ஒருக்களித்துப் பார்த்தாள். சிவப்பின் நடுவில் தோல் பிரிந்திருந்தது. ரப்பர் கிழிந்தால் தெரியவேண்டிய பஞ்சும் கம்பியும் அங்கே இல்லை. ஈரம் இருந்தது.

வியாழக்கிழமை, கதவைத் திறப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. லேசான இனிப்பும் அழுகலும் கலந்து, மூக்கில் ஏறித் தொண்டையில் தங்கிவிடுகிற அந்த வாசனையை ஒருமுறை அறிந்தவர்கள் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். உப்புநீரால் கழுவி, காஸ் துணி வைத்துக் கட்டினாள். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும் முதுகுக்கு ஒன்றும் கொடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இனி யாரிடமும் கேட்பதாக இல்லை.

பத்து மணிக்குத் திருப்பினாள். பன்னிரண்டுக்குத் திருப்பினாள். ஒவ்வொரு முறையும் எடை கூடிக்கொண்டே போனது. பன்னிரண்டு மணிக்குப் புரட்டியபோது அவளுடைய முதுகெலும்பு நெட்டி முறிந்தது. இரண்டு மணிக்குத் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தள்ளியபோது, பொம்மை மிக லேசாக அவளுக்கு உதவியது. வலி தெரிந்த நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு தானும் புரளுவானே, அந்த மாதிரி.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

நாலடி தள்ளி மேஜையில் மாணவர்கள் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். யாரோ எழுந்து ஜன்னலைத் திறந்தார்கள். மூடுபனி உள்ளே வந்தது.

“நெவேனா,” என்று ராட்மிலா கூப்பிட்டாள். “உனக்கு வாசனை தெரியுதா?”

நெவேனா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியுது டீச்சர். நேத்துலேர்ந்தே தெரியுது.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்த?”

“வார்டுலயும் இதே வாசனைதானே. மொத வாரம் வாந்தி வரும். அப்புறம் பழகிடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, அக்கறையாகவே சேர்த்துக்கொண்டாள்: “நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்க டீச்சர். காலையிலேர்ந்து உக்காந்திருக்கீங்க.”

அப்போதுதான் ராட்மிலாவுக்கு முதன்முறையாக முதுகில் பயம் ஏறியது. தனக்குத்தான் மனம் பேதலித்துவிட்டது என்று இரண்டு நாளாக ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையில் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. இவர்களுக்கும் தெரிகிறது. இவர்களுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை பரீட்சை நன்றாகவே நடந்தது. ஏஜென்சி அம்மா கழுத்தில் பச்சைச் சால்வையோடு, மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி, சிரித்துக்கொண்டே இருந்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள், நாடி பிடித்தார்கள், ஒரு நர்ஸ் அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைப்பதைப் பிழையில்லாமல் ஒப்பித்தார்கள். “நோயாளி நலமா இருக்கார். தோல் நல்லா இருக்கு. நேரம் தவறாம திருப்பியிருக்கோம்.” பதினோரு முறை இதே வாக்கியம். பொம்மையைத் தங்கள் வசதிக்காக அவர்கள் மறுபடி மல்லாத்திப் போட்டிருந்தார்கள்.

கடைசி மாணவி முடித்ததும் ராட்மிலா எழுந்தாள்.

“சார், போர்வையைத் தூக்கிப் பாருங்க.”

“ராட்மிலா...”

“வெள்ளிக்கிழமை பாக்கறேன்னு சொன்னீங்க.”

மிலோராத் பெருமூச்சு விட்டபடி கட்டிலுக்கு வந்தார். போர்வையின் ஓரத்தை உயர்த்தினார். இடுப்பைக் கையால் சற்றுத் தூக்கி, காஸ் துணியை விலக்கினார். குனிந்தார். அவர் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் ஒன்று மாறியது. வாய் ஓரம் ஒருமுறை இழுத்தது. பிறகு மிகப் பொறுமையாக இடுப்பை இறக்கிவிட்டு, போர்வையை மூடி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகி, சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டார்.

“இது பாடத்திட்டத்துல இல்ல,” என்றார் தணிந்த குரலில். “கையெழுத்துப் போடுங்க. பசங்க வருஷம் வீணாப் போயிடும்.”

பதினோரு முகங்கள் அவளைப் பார்த்தன. போயானின் அம்மா மகனின் பயணத்துக்குப் பெட்டியே கட்டி வைத்திருப்பதாக அவன் சொல்லியிருந்தான். நெவேனா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ராட்மிலாவின் கை கனத்தது. நாலு நாள் கோபம் முழுவதும் அந்தக் கையில் வந்து இறங்கி, அங்கேயே செத்துப் போனது. பேனாவை எடுத்தாள். ‘பொறுப்பேற்கத் தகுதி உள்ளவர்.’ அந்த வரிக்குக் கீழே பதினோரு முறை கையெழுத்துப் போட்டாள்.

கைதட்டினார்கள். கீழ்த்தளத்தில் கேக் வெட்டப் போனார்கள். படியில் அவர்களுடைய சிரிப்பு இறங்கிக்கொண்டே போய், வாசல் கதவு சாத்தும் சத்தத்தோடு அறுந்தது.

மணி மூன்று. நல்ல பகல்தான். மூடுபனியில் வெளிச்சம் பால் தண்ணீர் மாதிரி இருந்தது.

ராட்மிலா கட்டிலருகே போனாள். ஸ்தேவா மாமா மல்லாந்து கிடந்தார். அவரை ‘அது’ என்று நினைக்க அவளால் இப்போது முடியவில்லை.

“நான்தான்,” என்றாள். எந்த நோயாளியிடமும் சொல்வதைப் போலவே சொன்னாள். “ஒரு பக்கமா திருப்பிவிடறேன். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோங்க.”

தோள் சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு. அவள் புரட்டினாள். அவர் மூச்சைப் பிடித்தார். அவளுக்குக் கேட்டது. திரும்பியதும் மூச்சை விட்டார்.

அப்போது ஸ்ப்ரிங் கிறீச்சிட்டது.

இந்தக் கட்டில் இல்லை.

அடுத்த கட்டில். இஸ்திரி போட்ட விரிப்பு. நடுவில் ஒரு பள்ளம் விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக. ஒரு பாரம் இறங்குவதுபோல. கால்மாட்டில் இரண்டு சின்னக் குழிகள். குதிகால்கள்.

மூன்றாவது கட்டில்.

நாலாவது.

ஐந்து. ஆறு.

யாரும் இல்லை. விரிப்புகள் மட்டும் அமுங்கின. ஒவ்வொன்றிலும் இடுப்பு வரும் இடத்தில் மஞ்சளாக ஈரம் ஊறியது. முட்டை அளவு. உள்ளங்கை அளவு. அந்த வாசனை.

அவள் கதவுப் பக்கம் பின்வாங்கினாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே வராந்தா. வராந்தாவில் கட்டிலே கிடையாது. அங்கேயும் ஸ்ப்ரிங் கிறீச்சிட்டது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, அந்தக் கட்டடத்தின் நீளத்தையும் தாண்டி.

பிறகு நின்றது.

அவள் மறுபடி அறைக்குள் பார்த்தாள்.

ஐந்து வெள்ளைத் தலையணைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தலை அளவுக்குக் குழி. அந்தக் குழிகள் நகர்ந்தன. அட்டையில் மட்டுமே திருப்பப்பட்டவர்கள், மற்ற எதையும் அசைக்க முடியாதவர்கள் அதை மட்டும் அசைப்பதுபோல், மிகுந்த சிரமத்தோடு, ஐந்தும் அவள் நின்ற பக்கமாகத் திரும்பின.