தும்முகிற மீன்

என் தம்பி டெய்மர் விடாமல் பதினொரு முறை தும்முவான். நான் எண்ணியிருக்கிறேன். கடைசித் தும்மலில் கட்டிலே ஆடும்.

சான் பாச்சோ திருவிழாவுக்கு இன்னும் ஐந்தே நாள். எங்கள் தெரு ஊர்வலத்தில் இந்த வருடம் எல்லாருக்கும் ஆற்று மீன் வேடம். முன்னால் ஆடிப் போகும் குட்டி மீன் டெய்மர்தான். இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே வாலை ஆட்டிக்கொண்டுதான் நடக்கிறான்.

அன்று காலை அவன் தும்மி முடித்ததும் அம்மா சொல்லிவிட்டார்.

"மழையில ஆடி ஆடித்தான் இப்படிச் சளி பிடிச்சிருக்கு. இந்த வருஷம் ஊர்வலம் கிடையாது. வீட்லயே இரு."

எங்கள் கிப்தோ ஊரில் மழை இல்லாத நாள் எது? அதற்காக யாராவது ஆடாமல் இருக்கிறார்களா?

டெய்மர் அழவில்லை. மீன் தலையை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் அழுகை வந்தது.

அம்மாவுக்குச் சாயங்காலக் காற்று என்றாலே ஆகாது. அந்த ஈரக்காற்று பட்டால் நெஞ்சில் சளி கட்டும் என்பார். அதனால் எங்கள் அறை ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கும். இவன் தும்மத் தும்ம, ஜன்னல் இடுக்கில் துணி வேறு அடைத்தார். உள்ளே கொடியில் ஈரத்துணிகள் தொங்கும்.

எனக்கு ஒரு சந்தேகம். நாள் முழுக்க ஆற்றில் கிடந்தாலும் அவன் தும்முவதில்லை. பள்ளிக்கூடத்திலும் தும்முவதில்லை. படுக்கையில்தான் தும்முகிறான்.

"டேய், இன்னைக்கு நீ என் கட்டில்ல படு. நான் உன் கட்டில்ல படுக்கிறேன்."

"ஏன்க்கா?"

"சொன்னதைச் செய்."

"உன் தலையணையும் வேணும்."

"எடுத்துத் தொலை."

மறுநாள் காலையில் தும்மியது நான். அவன் கட்டிலை ஒட்டிப் பெரிய அலமாரி நிற்கிறது. அதன் பின்னாலிருந்து ஊறிப்போன துணி நாற்றம் வந்தது. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம்.

சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்! போன வருடம் அம்மா பூசிய நீல வண்ணத்தையும் மீறிக்கொண்டு வந்திருந்தன.

"எறும்பாக்கா?"

"எறும்புன்னா நடக்கும்டா. கை வைக்காத."

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"புகைக்கரிடி அது," என்றார். "அதான் அப்பவே மேல வண்ணம் பூசினேனே."

"இந்த ரூம்ல யாரும்மா அடுப்பு பத்த வச்சா? கிட்ட வந்து பாரு."

அம்மா குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"பூசணம். பழைய ரொட்டியில பிடிக்குமே, அந்த மாதிரி."

"நீ ஜன்னலை மூட மூட, அதுக்குக் கொண்டாட்டம்மா."

அம்மா என்னை முறைத்தார். பிறகு டெய்மரைப் பார்த்தார். முறைப்பு காணாமல் போய்விட்டது.

"பாவம் புள்ள. மழை மேல பழியப் போட்டு உன்னை உக்கார வச்சுட்டேனே."

"அப்ப நான் மீனாம்மா?"

"மொதல்ல சுவரு. தும்மல் நின்னா நீ மீனு."

அம்மா மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு, கையுறை மாட்டி, சோப்புத் தண்ணீரால் சுவரைத் தேய்த்தார். டெய்மரை அந்தப் பக்கமே விடவில்லை. கழுவித் துடைத்த பிறகு நான் மின்விசிறியைக் கொண்டுவந்து, சுவர் நன்றாகக் காயும் வரை ஓடவிட்டேன். அலமாரியை ஒரு முழம் தள்ளிப் போட்டோம். துணிக்கொடி பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனது. ஜன்னல் திறந்தது.

சாயங்காலம் ஆனால் அம்மா பழக்க தோஷத்தில் ஜன்னல் பக்கம் போவார். நான் கனைப்பேன். ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பி வந்துவிடுவார்.

முதல் நாள் ஏழு தும்மல். அடுத்த நாள் மூன்று. பிறகு ஒன்று. ஊர்வலத்தன்று காலை டெய்மர் எழுந்து உட்கார்ந்தான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அவன் கொட்டாவி விட்டான். அவ்வளவுதான்!

மேளமும் கிளாரினெட்டும் முழங்க ஊர்வலம் கிளம்பியது. மழையும் கிளம்பியது. டெய்மர் வாலை ஆட்டிய ஆட்டத்தில் பின்னால் வந்த பெரிய மீன்கள் வழுக்கி விழாத குறை. அம்மா துண்டும் வெல்லக் கஷாயமுமாகக் கூடவே ஓடி வந்தார். எங்கே தும்மிவிடுவானோ என்று அவன் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான்கு மணி நேரம் நனைந்தான். ஒரு தும்மல் இல்லை.

வீட்டுப் படி ஏறும்போது, "ஹச்!"

தும்மியது அம்மா.

டெய்மர் மீன் தலையைக் கழற்றினான். அம்மாவை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னம்மா, ஜன்னலை மூடவா?" என்றான்.